பாஸ்போர்ட் படத்தில் மூடிய கண்கள்

கடல் கடந்து குடிபோக என்னென்ன வேண்டும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அம்மை ஊசி, தோட்டத்து ஆபீஸின் கையெழுத்து, சாமான் கட்டப் பழைய தேயிலைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் முன்னால் குடும்பப் படம். படம் போனால்தான் பாஸ்போர்ட் வரும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்கு மேலே, பசறை போகும் பாதையில் இருந்தது. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பேசி, மலையில் இருந்தவர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு இந்தியா விழுந்தது. அம்மாவின் தங்கையான சித்திக்கு, அவள் கட்டிக்கொண்டவர் வழியில் இலங்கை விழுந்தது.

போகிறவர்கள் பட்டியலில் எங்கள் பெயர் வந்ததும் அப்பா காரியங்களை ஒழுங்காகத் தொடங்கினார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அது நடக்கவேயில்லை. இந்தியா வெயில் நாடு என்று கேள்விப்பட்டு, இருந்த கம்பளிகளையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். பிறகு எங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் கோத்தகிரி. முதல் பனிக்காலத்தில் அம்மா அந்தக் கம்பளிகளின் நிறத்தைச் சொல்லிச் சொல்லித் திட்டினாள்.

இந்த ஏற்பாடுகளுக்கு நடுவில்தான் சித்தி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும் என்பது எங்களில் வழக்கம். அம்மாவுக்கும் சித்திக்கும் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலும் ஒரு துணி மூட்டையுமாக அவள் வாசலில் நின்றபோது அம்மா அழுதாள். அப்பா வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் விறகடுப்பின் முன்னால் இரண்டு பேருக்கும் பேச்சு நடந்தது.

"ஏங்க, அவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போவோமே. அவளுக்கு நான்தானே தாய் வீடு?"

"நம்ம இஷ்டத்துக்குப் போறதுக்கு இது தீவாளியா புள்ள? மேக்கணக்கு லயத்தில ஒரு குடும்பத்த போலீசு வந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போனானாம். பானை சட்டியக்கூட எடுக்க விடலையாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனோம். ஸ்டூடியோ வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் அப்பாவையும் அம்மாவையும் பெஞ்சில் உட்காரவைத்து, என்னையும் என் தங்கச்சியையும் முன்னால் நிறுத்தினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பெரிய வெளிச்சம் வந்து போனது. நான் இமைக்கவே இல்லை. அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு வாரம் கழித்து அப்பா படத்தை வாங்கி வந்தார். அதில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். கண் தெரியாத படத்தை வாங்கமாட்டார்கள் என்று தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் தடவையும் போனோம். அன்றும் பஸ் ஏறினோம், அன்றும் நான் இமைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவைத்தார். "தங்கச்சி, கண்ண நல்லாத் தொறந்துக்கிங்க. கண்ண மூடிக்கிட்டுப் போனா கப்பல் எங்க நிக்குதுன்னு எப்படித் தெரியும்?" எல்லோரும் சிரித்தோம், அம்மாவைத் தவிர. அந்தப் படத்திலும் அவள் கண்கள் மூடியே இருந்தன. தூங்குகிறவள் மாதிரி அல்ல, சாமி கும்பிடுகிறவள் மாதிரி இறுக்கமாக.

விடிகாலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதே அப்பாவைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். "என்ன மச்சான், பொஞ்சாதி கண்ணத் தொறந்திருச்சா, இல்ல கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். பெரிய கிளாக்கர் ஐயா கடைசியாக ஒரு தவணை கொடுத்திருந்தார். அதற்குள் படம் போகாவிட்டால் எங்கள் பெயர் அடுத்துக் கப்பலேறும் கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அதற்கிடையில் வேலை தருவார்களா, போலீஸ் வருமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை என்றும் சொல்லியிருந்தார்.

மூன்றாம் தடவை புறப்படும்போது சித்திக்கு நிறைமாதம். கால் வீங்கிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்தவள், "அக்கா, எனக்காகப் பார்க்காத. மாமாவுக்குக் கோபம் வர்ற மாதிரி நடந்துக்காத" என்றாள். அம்மா அவளை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னாள். பஸ்ஸில் பாதி தூரம் போனதும், "இந்தத் தடவ தொறந்துக்கிறேங்க" என்று அப்பாவிடம் மெல்லச் சொன்னாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒருவழியாகத் தைரியம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படத்தை வாங்கப் போனபோது அப்பா என்னையும் கூட்டிப்போனார். ஸ்டூடியோக்காரர் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தார். சொன்னது போலவே அம்மா கண்களை அகலத் திறந்திருந்தாள். அவை நனைந்திருந்தது படத்திலும் தெரிந்தது. பக்கத்தில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, பொஞ்சாதி தொறந்தா நீங்க மூடுறீங்க?" என்றார் அவர்.

"வெளிச்சம் ஒத்துக்கலீங்க நானா" என்றார் அப்பா.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நானா கேட்டார்; கொழுந்தியாளுக்கு நிறைமாதம் என்று அப்பா சொன்னார். பிறகு படத்தை ஓர் உறைக்குள் போட்டார். "நானும் பொம்பளப் புள்ளைய பெத்தவன்தான். எப்ப தோதுப்படுதோ அப்ப வாங்க. கண்ணத் தொறந்து ஒண்ணு எடுத்துத் தாறேன்."

அந்தப் படத்தைப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் நீட்டியபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஐயா கத்தின கத்தலில் ஆபீஸ் வாசலில் நின்றவர்களெல்லாம் எட்டிப்பார்த்தார்கள். எங்கள் பெயர் தள்ளிப்போனது. பெரட்டில் அப்பாவின் பெயரைக் கூப்பிடாத நாட்கள் வந்தன. வீட்டில் பல நாள் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும்தான். ராத்திரி நாய் குரைத்தால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் அம்மாவோடு மறுபடியும் பேசத் தொடங்கியிருந்தார்.

எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளைகளிடம், "எங்கப்பாவுக்கு லைட்டப் பார்த்தா பயம்" என்று நானே சொல்லித் திரிந்தேன். அது அப்பாவின் காதுக்கும் போனது. "ஆமாடா, ரொம்பப் பயம்" என்று சிரித்தார்.

சித்திக்குப் பெண் பிறந்தது. பிரசவம் கஷ்டமானது. அம்மா பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் இரண்டு உயிரில் ஒன்று தங்கியிருக்காது என்று மருத்துவச்சி சொன்னாள். தீட்டுக் கழிந்து, சித்தி எழுந்து நடமாடிய பிறகு, நாங்கள் நாலாம் தடவை பதுளைக்குப் போனோம். அந்தப் படத்தில் எல்லோருக்கும் கண் திறந்திருந்தது. போலீஸ் வருவதற்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

பதுளை ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது சித்தி பிள்ளையை ஜன்னல் வழியாக அம்மாவிடம் கொடுத்து, மறுபடி வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அக்காவும் தங்கையும் வாழ்நாளில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ரயில் பண்டாரவளையைத் தாண்டியது. எனக்கோ ஒரே கவலை. இந்தியாவில் இறங்கியதும் மறுபடி படம் பிடிப்பார்கள் என்று பெட்டியில் யாரோ சொன்னார்கள். அப்பா அங்கேயும் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும்? அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். லைட்டைப் பார்க்கக்கூடாது, அதற்குக் கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், மூன்று என்று சொன்ன பிறகுதான் இமைக்க வேண்டும்.

அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எதிரே இருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் சிரிப்பதாக நினைத்து, எனக்குக் கோபம் வந்தது.