போர்வையில் ஓர் ஓட்டை

கணவர் இறந்தபின் செம்மண்டலத்தில் மாமியார் வீட்டில் நான் இத்தா இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அவர் போன துக்கம் இருந்தது உண்மை. அதற்காக ஒரே சுவரை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

கூடப் படித்தவள் ஒருத்தி சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் போனில் சொன்னாள்: "கடைச் சாமானெல்லாம் ஆன்லைன்ல போடணும்டி. வீட்டுல இருக்கறத வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நல்லா வந்தா, இத்தா முடிஞ்சதும் இங்கயே வேலைக்கு வந்துரு. கடை மாடியில ரூம் இருக்கு."

சிதம்பரம் நான் பிறந்த ஊர். அன்றிலிருந்து எனக்கு அந்த மாடி ரூம்தான் நினைப்பு.

ஜன்னலோரம் ஸ்டூல். அதன்மேல் பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கம். வெயிலைத் தணிக்க ஜன்னலில் ஒரு துப்பட்டா, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட மிக்சிப் பெட்டித் தெர்மாகோல். நடுவில் எவர்சில்வர் சொம்பும் இரண்டு எலுமிச்சம்பழமும். படம் அவ்வளவு அழகாக விழுந்தது. தலைகால் புரியாமல் அதைப் புகுந்த வீட்டுக் குடும்பக் குரூப்பிலும் போட்டுத் தொலைத்தேன்.

அரை மணி நேரத்தில் மாமியாருக்குப் போன் வந்தது. நாத்தனாரின் கணவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். சொம்பின் வயிற்றில் நான், முக்காடு இல்லாமல், போனைத் தூக்கிப் பிடித்தபடி. பளபளக்கும் பாத்திரம் எதிரில் நிற்கிறவளைக் காட்டிக்கொடுக்கும் என்பதுகூடத் தோன்றாத மக்கு நான்.

"குரூப்புல எத்தன ஆம்பளைங்க இருக்காங்க, தெரியாதா உனக்கு?" என்று மாமி என் போனை வாங்கிக்கொண்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மூன்று நாள் கெஞ்சினேன். என் நிழல்கூட விழாமல் எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் போன் திரும்பக் கிடைத்தது. வெள்ளைப் போர்வையைக் கொடியில் திரையாகத் தொங்கவிட்டு, நடுவில் கேமரா அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டினேன். போர்வைக்குப் பின்னால் நின்றேன். ஓட்டை மட்டும் சொம்பில் கறுப்புப் புள்ளியாக விழுந்தது. அந்த இடத்தில் முகப்பவுடரை ஒற்றி அதையும் மறைத்தேன்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துத் தேடினார்.

"எங்கயும் நீ இல்ல. அனுப்பிக்க."

தோழிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எப்போது வருகிறாய் என்று கேட்டாள். இத்தா முடிந்த மறுநாளே பெட்டி கட்டினேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து என் சேலைகளை மடித்துக் கொடுத்தார்.

"வீட்டுக்குள்ள இருந்தே இவ்ளோ நல்லா எடுக்கறியே. அப்புறம் எதுக்கு சிதம்பரம்? சாமான பஸ்சுல அனுப்பச் சொல்லு."

தோழியிடம் அவரே பேசியும் விட்டார். அவளுக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. மாடி ரூமைக் குடோனாக்கிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போர்வையைக் கிழித்திருக்க வேண்டும். சேலைகளைத்தான் திரும்ப பீரோவில் அடுக்கினேன்.

இரண்டு வருஷமாகிறது. வாராவாரம் சிதம்பரம் பஸ்ஸில் மூட்டை வருகிறது. நாத்தனாரின் கணவர் போய் எடுத்து வருகிறார். போர்வை ஓட்டை ஓரம் நைந்து அகலமாகிவிட்டது. போன வாரம் ஒரு குடத்தில் என் கன்னம் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே ஊசி நூல் எடுத்து ஓட்டையைச் சின்னதாக்கித் தைத்தேன்.