வருவேன் என்று எழுதுவதா?

உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதியாக எழுதிக் கொடுத்தால் அது பொய்யா? ஒரு வாரமாக யோசிக்கிறேன்... இன்னும் விடை தெரியவில்லை.

ஜெர்மனியில் இருக்கிறேன். மகளுக்குப் பதினோரு மாதம். என் விடுப்பு முடியப்போகிறது. செப்டம்பரில் வேலைக்குத் திரும்புகிறீர்களா என்று கேட்டு மேலாளர் மெயில் அனுப்பியிருந்தார். மூன்று முறை திருத்தி, 'ஐ வுட் ரிட்டர்ன் இன் செப்டம்பர்' என்று பதில் போட்டேன்.

முன்பு வேலை பார்த்த சென்னை ஆபீஸில் எல்லோரும் அப்படித்தானே எழுதுவோம்? 'வில்' என்றால் கொஞ்சம் அதட்டலாகத் தெரியும். 'வுட்' என்றால் பணிவு.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"வுட்... இஃப் வாட்?" என்றார் மேலாளர். ஜெர்மன்காரர். 'வுட்' என்று ஒருவர் எழுதினால், பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறவர். குரலில் கோபம் இல்லை. "உறுதியில்லை என்றால் பரவாயில்லை. உங்கள் ப்ராஜெக்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன். மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள்."

மரியாதைக்காகப் போட்ட சொல் அது என்று விளக்க வாயெடுத்தேன். முடியவில்லை. ஏனென்றால் நிபந்தனை நிஜமாகவே இருக்கிறது – கிட்டாவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

"வில்-னு போட்டு அனுப்பிடு. கிட்டா கிடைக்கலன்னா பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

"யாரு பாத்துக்கறது? நீங்க லீவ் போடுவீங்களா?"

"அது... அப்போ டிசைட் பண்ணலாம்மா."

கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, இரண்டு பிள்ளைகளை இங்கேயே வளர்த்தவர். அவரிடமும் கேட்டேன்.

"வாறன் எண்டு எழுதுங்கோ. ஏலாட்டி பிறகு சொல்லலாம்தானே. இப்பிடியே யோசிச்சுக்கொண்டு இருந்தா வேலை வேற ஆளுக்குப் போயிடும், பயம் மட்டும் உங்களிட்ட நிக்கும்."

சரிதான். ஆனால் சொல்லிவிட்டு வராமல் போனால், அடுத்த முறை என்னை யார் நம்புவார்கள்?

கிட்டாவில் கேட்டால், 'இடம் வந்தால் சொல்கிறோம்' என்கிறார்கள். கணவர், 'அப்போது பார்க்கலாம்' என்கிறார். எல்லோருக்கும் ஒரு 'ஆல்' இருக்கிறது, ஒரு 'லாம்' இருக்கிறது. உறுதியாகச் சொல்ல வேண்டியவள் அம்மா மட்டும்தான் – கவனித்திருக்கிறீர்களா?

இரண்டு மெயில்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில், 'கட்டாயம் வருவேன்.' இன்னொன்றில், 'கிட்டா கிடைத்தால் வருவேன்.' முதலாவது பொய்யாகிவிடுமோ என்று பயம். இரண்டாவதை அனுப்பினால் ப்ராஜெக்ட் போய்விடும் என்று பயம்.

குழந்தையை வளர்த்துக்கொண்டே வேலைக்குத் திரும்பியவர்கள் எனக்கு எழுதுங்கள் – நீங்கள் எதை அனுப்பினீர்கள்?