சிவப்புப் பென்சில் அடித்த வரி

போன சனிக்கிழமை என் மகள் ரெஜினா மேடையேறி அரை நிமிஷம் வாயே திறக்காமல் நின்றாள். அது பெரிய குற்றமாம். மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து நற்சாட்சிப் பத்திரம் கிடையாதாம்.

பேசிவிட்டு மன்னிப்புக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் வாரா வாரம் இந்தப் பத்தியை எழுதிவிட்டு நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் பேசாமல் இருந்ததற்கு? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயை மூடிக்கொண்ட பிள்ளையும் பிழைக்கக் கூடாதா, ஐயா?

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ரெஜினா படிக்கும் இங்கிலீஷ் பெண்கள் பள்ளிக்கூடத்தில் — பெயர் வேண்டாம், பினாங்கு சின்ன ஊர் — சீனியர் வகுப்பு முடிக்கும் பெண்களுக்கு டீ பார்ட்டி வைத்து வழியனுப்புவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் இருபது வருஷத்தில் யார் என்ன ஆவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி ஜோசியம் எழுதிப் படிக்க வேண்டும். எல்லாம் கேலிதான். இந்த வருஷம் ஜோசியக்காரி என் மகள்.

ஆனால் படிப்பதற்கு முன்னால் பெரிய மிஸ்ஸிடம் காட்டியாக வேண்டும். பெரிய மிஸ் என்றால் தலைமை ஆசிரியை, வெள்ளைக்கார அம்மா. காலையிலிருந்து மணி அடிக்கும்வரை அவர் வாயில் ஒரே பேச்சுதான். "வரிசையில் நில்லுங்கள்!" ஜெபத்துக்கு வரிசை, தண்ணீர்க் குழாய்க்கு வரிசை, வீட்டுக்குப் போகவும் வரிசை. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில்.

பார்ட்டிக்கு நானும் போயிருந்தேன். கறிபாப் பலகாரம் நன்றாக இருந்தது. ரெஜினாவின் ஜோசியம் அதைவிட நன்றாக இருந்தது. துணிக்கடை முதலாளி மகள் ஸ்வீ லான் சொந்தமாக மோட்டார் கார் ஓட்டுவாளாம். ஆனால் பின்னால் எடுக்கத் தெரியாததால், ஒவ்வொரு தடவையும் தீவையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீடு வந்து சேருவாளாம்! அவள் அப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார். ரெஜினா கல்யாணமே செய்துகொள்ளாமல் ஒன்பது பூனை வளர்ப்பாளாம். என் வீட்டுக்காரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் "பாக்கியம்" என்றாள். நிறுத்தினாள். கையிலிருந்த தாளை மடித்தாள். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்...

போச்சு, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். "படிம்மா, படி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயசைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்வரிசையில் ஸ்வீ லான் 'குபுக்'கென்று சிரித்தாள். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பாக்கியம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பெரிய மிஸ்ஸின் முகம் பென்சில் நிறத்துக்கு வந்துவிட்டது.

வாசலோரம் பாக்கியத்தின் அப்பா வேலய்யன் நின்றிருந்தார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். சுங்கை பினாங்கில் வீடு. துவைத்த தலைப்பாகையும் பித்தான் போட்ட சட்டையுமாக வந்திருந்தார். வெளியே வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"கிராணி ஐயா, எம் மவ பேரைச் சொன்னதும் ஏன் எல்லாம் சிரிச்சாங்க?"

எனக்கே தெரியவில்லை. கப்பல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கிறேன், கடிதமெல்லாம் இங்கிலீஷில் எழுதுகிறேன், என்ன பிரயோஜனம்? "சின்னப் பிள்ளைங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன்.

வழியில் ரெஜினா தாளைக் காட்டினாள். பாக்கியம் டாக்டராவாள் என்று இவள் எழுதியிருந்தாள். கணக்கிலும் சயன்ஸிலும் வகுப்பிலேயே முதல் அவள்தான். யாராவது விழுந்தால் மிஸ்ஸைக் கூப்பிட மாட்டார்களாம், பாக்கியத்தைத்தான் கூப்பிடுவார்களாம். பெரிய மிஸ் அதைச் சிவப்பால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, மேலே தன் கையால் எழுதியிருந்தார்: 'பாக்கியம் ஒரு நல்ல துரை வீட்டில் பிள்ளைகளை அன்பாகப் பார்த்துக்கொள்வாள்.'

சீனியர் படித்துவிட்டு ஆயா!

ஏழைப் பெண்ணுக்குப் பொய் ஆசை காட்டக் கூடாதாம். ஒன்பது பூனைக்கு ஆசை காட்டலாம், தீவைச் சுற்றும் காருக்கு ஆசை காட்டலாம். வண்டிக்காரர் மகளுக்கு மட்டும் அளந்துதான் ஆசை போடுவார்களா?

"நான் எழுதினதைப் படிக்கக் கூடாதுன்னாங்க. அவங்க எழுதினதைப் படிக்க எனக்கு வாய் வரல. அதான் அந்த வரி முடியற வரைக்கும் மனசுக்குள்ள படிச்சேன்பா" என்றாள். இவள் முதலில் எழுதிய வரியை மற்ற பெண்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை பெரிய மிஸ்ஸிடமிருந்து கடிதம் வந்தது.

ஒப்புக்கொள்கிறேன், நான் பயந்துவிட்டேன். ரெஜினா டீச்சர் வேலைக்குப் படிக்க நற்சாட்சிப் பத்திரம் இல்லாமல் முடியாது. ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதினேன். இருபது வருஷக் கிராணி, 'விஷயம்' என்று போடாமல் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன விஷயம்? ஒன்றும் சொல்லாததற்கு மன்னிப்பு என்றா எழுதுவது? கடைசியில் 'என் நடத்தைக்காக' என்று மழுப்பி முடித்தேன்.

"கையெழுத்துப் போடு" என்றேன்.

"மாட்டேன்லா, அப்பா" என்றாள்.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை அவள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சோறு மட்டும் காலியானது.

புதன்கிழமை ஆபீஸ் வாசலில் வேலய்யன் வண்டியை நிறுத்தினார்.

"கிராணி ஐயா, பாக்கியத்தைத் திங்கக்கெழம துரை வீட்டு வேலைக்கு அனுப்பிடறேன். பெரிய மிஸ்ஸே பாத்துக் குடுத்த எடம்."

"ஏன்யா? சிங்கப்பூருக்குப் போய் டாக்டருக்குப் படிக்கணும், உதவிச் சம்பளத்துக்குக் கேட்கப் போறேன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டிருந்ததே?"

"நீங்களும்தானே இருந்தீங்க? பேரைச் சொன்னதுமே சபையே சிரிச்சுதே ஐயா. வண்டிக்காரன் மவ எவ்வளவு படிச்சாலும் சிரிக்கத்தான் செய்வாங்க. போதும்."

"ஐயோ, அது கேலி இல்லை அண்ணே!" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"எம் மவளும் இதேதான் சொல்றா. மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. அந்தத் தாளை உங்க மவகிட்ட வாங்கிட்டு வந்தும் காட்டினா. இங்கிலீசு எனக்கு ஏது ஐயா? தமிழுன்னா எழுத்துக் கூட்டிப் படிப்பேன். உங்க பத்தியக்கூட வாராவாரம் படிக்கிறவன்தான்."

மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். வெட்கத்தில் நான் அங்கேயே நின்றேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வீராப்புப் பேசுகிறவன், மகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் கேட்டேன். "அந்த வரியை என் பத்தியில் போட்டால் உன் பத்திரம் போனது போனதுதான். சம்மதமா?"

"நான் நல்ல பொண்ணுன்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் நீங்க நம்புவீங்களாப்பா?"

கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. நானே கிழித்தேன். பாக்கியத்தையும் கேட்டேன். "எங்க அப்பா படிப்பாருன்னா போடுங்க மாமா" என்றாள்.

பெரிய மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் ஆபீஸ் கிராணிக்குத் தெரியும். மொழிபெயர்த்துச் சொல்வார்... சொல்லட்டுமே! இந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சில் என் கையில் இருக்கிறது. நான் எதையும் அடிப்பதாக இல்லை.

வேலய்யன் அண்ணே, திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் மகள் பெயருக்குப் பிறகு என் மகள் வாய் திறக்காமல் படித்தது, தமிழில் இதுதான். நிதானமாக எழுத்துக் கூட்டிப் படியுங்கள்:

"டாக்டர் பாக்கியத்தைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலிலிருந்து சுங்கை பினாங் பாலம் வரை கூட்டம் நிற்கும். காய்ச்சலோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வரப் பார்ப்பார். டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, மிக மரியாதையாகச் சொல்வாள்: வரிசையில் நில்லுங்கள், மிஸ்!"