பத்தாம் பாடத்தை முதலில் நடத்திய வருஷம்

“மிஸ், இந்த டிஎக்ஸ் பை டிடி இன்னா மிஸ்? பிசிக்ஸ் சார் உங்களைக் கேக்கச் சொன்னாரு.”

பதினொன்றாம் வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம். புதுப்பட்டினம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. சார்புகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஷாலினி என்ற மாணவி எழுந்து இப்படிக் கேட்டாள்.

“அது பத்தாம் பாடம்மா. ரெண்டாம் தொகுதி. காலாண்டுக்கு அப்புறம்தான் வரும். இப்போதைக்கு சாரையே கேளு.”

“அவரு உங்களைக் கேக்கச் சொல்றாரு, நீங்க அவரைக் கேக்கச் சொல்றீங்க. நாங்க யாரைத்தான் மிஸ் கேக்கறது?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த பீரியட் முடியும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதுவரை நான் வருடாந்திரத் திட்டம் போட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பொருளடக்கத்தைத் திறப்பேன். வேலை நாட்களை எண்ணுவேன். பன்னிரண்டு பாடத்துக்கும் பிரித்துப் போடுவேன். எச்.எம். கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் இயற்பியல் ஆசிரியர் ஜெயசீலன் சாரைப் பிடித்தேன். உள்ளூர்க்காரர், பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

“நான் இன்னா மேடம் பண்றது? இயக்கவியல் எனக்கு ரெண்டாம் பாடம். வெக்டர் வேணும், அந்த டிஎக்ஸ் பை டிடி போடற வகையிடல் வேணும். உங்க புக்ல அது எங்கியோ பின்னாடி கீது. பார்முலாவைக் குடுத்து மனப்பாடம் பண்ணுங்கடான்னு சொல்லிட்டு ஓடிக்கினு கீறேன். பன்னெண்டு வருஷமா இப்டித்தான்.”

“பன்னெண்டு வருஷமா என்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“நீங்க கேக்கல.”

சாப்பாட்டு டப்பாக்களை நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு புத்தகங்களையும் மேஜைமேல் விரித்தோம். வெக்டரையும் வகை நுண்கணிதத்தையும் முன்னால் இழுத்தேன். முக்கோணவியல், சேர்ப்பியல் எல்லாம் ஆகஸ்டுக்குப் போயின. இரண்டாம் தொகுதிப் புத்தகம் அப்போது பள்ளிக்கு வந்து சேரவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழைய புத்தகங்களை வாங்கி, மூன்று பேருக்கு ஒன்று என்று கொடுத்தேன்.

ஆரம்பமே சறுக்கல். முறைப்படி போகவேண்டும் என்று, எக்ஸ் ஏ-வை நெருங்க நெருங்க என்ன ஆகும் என்று சொல்லும் எல்லைகள் பாடத்திலிருந்து தொடங்கினேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஜெயசீலன் சார் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“மேடம், எக்ஸ் இன்னும் ஏ கிட்ட போயிக்கினே கீதா? என் பாடம் பாதி தாண்டிடுச்சு.”

மறுநாள் அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது எல்லைகளின் தேற்றங்கள் அல்ல. ஒரு வரைபடத்தின் சாய்வு என்ன சொல்கிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும்.

ஷாலினி மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். “நாளைக்கு ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லு வரும்போதும் மணி பாத்து எழுதிக்கிட்டு வா. பஸ் எங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னும் எழுது” என்றேன். அவள் கொண்டுவந்த கணக்கைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டோம். கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“பஸ்ஸு நின்ன எடத்துல கோடு படுத்துக்கினு கீது மிஸ். வேகமா வந்த எடத்துல எந்திரிச்சு நிக்குது.”

“எவ்வளவு எந்திரிச்சிருக்குன்னு சொல்ற எண்ணுதான் நீ கேட்ட டிஎக்ஸ் பை டிடி.”

“இவ்ளோதானா?” என்றாள்.

அதற்குப் பிறகு பாடம் ஓடியது. எல்லைகளைக்கூட அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் எச்.எம். கூப்பிட்டார். பாடக்குறிப்பு நோட்டு அவர் மேஜைமேல் திறந்திருந்தது.

“காலாண்டுக்கு மாவட்டம் முழுக்க ஒரே கொஸ்டின் பேப்பர். முதல் தொகுதியிலிருந்துதான் வரும். நீங்க ரெண்டாம் தொகுதியில இருக்கீங்க. பசங்க பெயிலானா யார் மேடம் பதில் சொல்றது?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வெளியே வந்து கணக்குப் போட்டேன். நாலு பாடம் பாக்கி. இருக்கிற பீரியட்கள் மூன்றுக்குக்கூடப் போதாது. அவசரப்பட்டுப் பிள்ளைகளை மாட்டிவிட்டோமே என்று நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்ட ஜெயசீலன் சார் டைம்டேபிளை எடுத்தார். “இந்தத் தடவ பார்முலாவைத் திருப்பித் திருப்பி ஒப்பிக்க வெக்க வேண்டியிருக்கல. அதனால காலாண்டுக்கு என் போர்ஷன் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. மிச்சம் கீற பீரியட் எல்லாம் உங்களுது. எடுத்துக்கங்க மேடம்.”

பீரியடைக் கொடுத்துவிட்டு அவர் ஸ்டாஃப் ரூமுக்குப் போகவில்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சேர்ப்பியல் நடத்தும்போது எழுந்தும் நின்றார்.

“மேடம், ஒரு டவுட்டு. எது வரிசை மாற்றம், எது சேர்வுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது? காலேஜ்லயே எனக்கு இது பிரில.”

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் அன்றிலிருந்து கையைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

காலாண்டுக்குள் முதல் தொகுதியின் கடைசியான ஆறாம் பாடம் மட்டும் பாதிதான் முடிந்தது. அதை வகுப்பில் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கணக்கில் பெயில் வழக்கம்போல இரண்டு மூன்று பேர்தான். ஆனால் முதலிடம் வருகிறவர்களின் மதிப்பெண்கள் கொஞ்சம் இறங்கின. இயற்பியலில் நிலைமை வேறு. இயக்கச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யாமல் வருவித்தே எழுதியிருந்தார்கள். எச்.எம். இரண்டு மார்க் லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அடுத்த வருஷமும் இதைச் செய்யறதா இருந்தா, ஜூன்லயே என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க.”

அப்படியே செய்தோம். ஆனால் பாடங்களை முழுசாக இடம் மாற்றவில்லை. வெக்டருக்கும் சாய்வுக்கும் தொடக்கத்தில் பத்து பீரியட், மற்றதெல்லாம் புத்தக வரிசைப்படி. காலாண்டுக்கும் பங்கமில்லை. இன்றைக்கும் எங்கள் பள்ளியில் அதுதான் நடைமுறை.

புதிதாக வேலைக்கு வரும் கணக்கு ஆசிரியர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். திட்டம் எழுதுவதற்கு முன்னால் உங்கள் பொருளடக்கத்தைத் திறக்காதீர்கள். பக்கத்து வகுப்பில் நடத்துகிறவருக்கு உங்களிடமிருந்து எது, எப்போது வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த ஜூனில் நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே வேதியியல் டீச்சர் வந்து நின்றார்.

“லாக் டேபிள் பாக்கவே பசங்களுக்குத் தெரியல மேடம். உங்க பிளான்ல எனக்கு ஒரு ரெண்டு பீரியட் கெடைக்குமா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். ரப்பரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டேன். திட்டத்தை இப்போதெல்லாம் நான் பேனாவால் எழுதுவதில்லை.