இரண்டு விரல் மடிப்பு

பெரியப்பா மகளை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கும் கிடைத்திருந்தால் நிச்சயம் பிடித்திருக்கும். மயிலாப்பூரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா ஆறாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு, கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசை அவளுக்கு, புதுத்துணி வந்தால் முதலில் எடுப்பதும் அவள்தான். மூத்தவளாம்! இரண்டு வருஷம் முன்னால் பிறந்ததைத் தவிர அப்படி என்ன சாதித்துவிட்டாள் என்று எனக்கு வயிறு எரியும்.

ஒரு தீபாவளிக்கு அத்தை ரங்கநாதன் தெருவில் எங்கள் பாவாடை சட்டைக்கு இரண்டு கட்பீஸ் வாங்கி வந்தார். மஞ்சள் துணியில் குட்டிக் குட்டி நீலப் பூ. அந்தப் பூவில் கடையில் மிச்சம் இருந்ததே அந்த இரண்டு துண்டுதானாம். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கதையோடு சேர்த்து அதையும் சொன்னார். துண்டுகளில் மீட்டர் கணக்கு எழுதிய சீட்டு குத்தியிருந்தது. ஒன்றில் 2.5, மற்றதில் 2.25.

இந்தத் தடவை நான்தான் முதலில் எடுப்பேன் என்று தரையில் புரண்டு அழுதேன். அக்கா சரி என்றுவிட்டாள். சீட்டுகளைப் பார்த்தேன். முன்னால் இருக்கும் இரண்டும் இரண்டும் சரிக்குச் சரி. புள்ளிக்கு அப்புறம் ஒன்றில் வெறும் ஐந்து, மற்றதில் இருபத்தைந்து. இதுகூடவா தெரியாது எனக்கு?

"நல்லாப் பாத்து எடுடி," என்றாள் அக்கா.

ஓகோ, இவளுக்கும் இதன் மேல்தான் கண் என்று 2.25-ஐ இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

வளரும் பிள்ளைகளின் பாவாடையில் கீழே துணியை உள்ளே மடித்துத் தைப்பார்கள். அடுத்த வருஷம் உயரம் கூடியதும் மடிப்பைப் பிரித்தால் பாவாடையும் நீண்டுவிடும். தெருமுனை டெய்லர் இரண்டு துண்டுகளையும் அளந்து பார்த்தார்.

"அக்காதுல மடிப்பு தாராளமா வரும் பாப்பா. உன்துல வராது. ரெண்டேகால்தான் கீது, அது ரெண்டரை."

ரெண்டேகாலா! கால் கிலோ, அரைக் கிலோ என்று தினமும் கடைக்கு ஓடுகிறவள் நான். எனக்கா கால் எது, அரை எது என்று தெரியாது? புள்ளி வைத்து எழுதி ஏமாற்றிவிட்டார்கள். வழியெல்லாம் அழுதேன். என் பாவாடைக்கு மடிப்பு இல்லை என்பதற்காக இல்லை, அவளுடையதற்கு உண்டு என்பதற்காக. மாற்றிக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்க மானம் விடவில்லை. அன்று சாயங்காலம் அக்கா, நாடா கொடுக்க மறந்துவிட்டேன் என்று மறுபடி தனியாக டெய்லரிடம் போய் வந்தாள். தன் மடிப்பை இன்னும் பெரிதாக வைக்கச் சொல்லத்தான் போயிருப்பாள் என்று நான் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

தைத்து வந்ததும் பிரித்துப் பார்த்தால் என் பாவாடையிலும் மடிப்பு! விரல் வைத்து அளந்தேன். இரண்டு விரல். யாரும் பார்க்காதபோது அவளுடையதையும் அளந்தேன். அதுவும் இரண்டே விரல், ஒரு நூல்கூட அதிகம் இல்லை. தாராளமா வருமாமே, எங்கே வந்தது? அந்த வருஷம் நான் கொண்டாடிய மாதிரி யாரும் தீபாவளி கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருஷம் அம்மா இரண்டு மடிப்புகளையும் பிரித்தார். என்னுடையதில் மடிப்புக்குள் குறுக்கே ஒரு தையல் ஓடியது. அதற்குக் கீழே தனித் துண்டு ஒட்டுப்போட்டிருந்தது. அக்காவுடையதில் ஒட்டே இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! பாவாடையைச் சுருட்டிக்கொண்டு டெய்லரிடம் போய், அவளுக்கு மட்டும் முழுத் துணி, எனக்கு ஒட்டுத் துணியா என்று சண்டை போட்டேன்.

டெய்லர், என் பின்னாலேயே ஓடிவந்து நின்ற அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நாந்தான் தப்பா வெட்டிட்டேன் பாப்பா."

அப்படிச் சொல்லுங்கள் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். கடையிலேயே இரண்டு துண்டுதான் இருந்தது என்றால், அதே மஞ்சளில் அதே நீலப் பூவோடு அரைக்கால் மீட்டர் துணி என் ஒட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.