நெவ்யானாவின் உயரம்

நெவ்யானாவைப் பதினாறு வயதில் கீழே போட்டவன் நான்தான். அதனால் அவள் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

சோஃபியா நகரில் அரசு பாலே பள்ளியில் பத்து வயதில் ஒன்றாகச் சேர்ந்தோம். அவள் த்ரோயான் ஊர்ப் பக்கத்துப் பழத்தோட்டக்காரர் மகள். காலை எட்டு மணிக்குச் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் அரைத்தூக்கத்தில் முழங்காலை மடக்குவோம். அவள் மட்டும் ஏதோ நல்ல சேதி கேட்டவள் போல் நிற்பாள்.

பதினைந்தாம் வயதில் கோடை விடுமுறைக்குப் போனவள், நான்கு விரற்கடை வளர்ந்து திரும்பினாள். அதோடும் நிற்கவில்லை. ஜோடி நடனத்தில் அவளுக்குத் துணை நான்.

"ரதுல், நான் விரல் நுனியில ஏறினா உன் தலை எங்கன்னு தேட வேண்டியிருக்குடா."

"காலையில நீ முழுங்கின ரெண்டு பனித்சாவையும் சேத்துத் தூக்கறவன் நான். பேசாம ஏறு."

வருடக் கடைசித் தேர்வில், அவளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிய இடத்தில் என் கை பாதியில் மடங்கியது. இருவரும் தரையில் விழுந்தோம். எனக்கு மூக்கில் ரத்தம். பியானோ சிறிது நேரம் தனியாக ஓடிவிட்டு நின்றது.

தேர்வுக் குழுவின் தலைவர் அவளை அழைத்தார். "உன் மேல குறை இல்லம்மா. ஆனா உன்னைத் தூக்க எந்த நடனக் குழுவுலயும் ஆள் கிடைக்காது. வேற படிப்பு பாரு."

அவள் இரண்டு நாள் விடுதி அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பா ஒரு கூடை செர்ரியோடு வந்தார்.

"வீட்டுக்கு வர்றதுன்னாலும் சரி, இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறதுன்னாலும் சரி. ஆறு மணி ரயில் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்," என்றார்.

அவள் முகம் கழுவிக்கொண்டு பவுனோவா டீச்சரிடம் போனாள். ஹங்கேரிய, ஸ்பானிய ஆட்டங்களைப் பூட்ஸ் போட்டு ஆடச் சொல்லிக்கொடுப்பவர் அவர். பெரிய பாலேக்களில் அன்னமாகவும் இளவரசனாகவும் ஆடக் கனவு கண்ட நாங்கள் அந்த வகுப்பை மட்டமாகத்தான் பார்த்தோம்.

"டீச்சர், என்னை உங்க வகுப்புல சேத்துக்குங்க."

"இங்க பூட்ஸுக்குக் குதிகால் உண்டு. இன்னும் அஞ்சு சென்டிமீட்டர் ஏறுவே."

"இவ்வளவு ஏறியாச்சு, அதுக்கென்ன டீச்சர்."

பவுனோவா சிரித்துவிட்டார். "தேர்வுக் குழுகிட்ட நான் பேசிக்கறேன். நீ போய் பூட்ஸுக்கு அளவு குடு."

பையன்கள் பூட்ஸ்தான் அவள் காலுக்குச் சேர்ந்தது. ஆறு வருடமாகத் தரையில் சத்தம் வராமல் இறங்கப் பழகியவள், இனி ஓங்கி மிதிக்க வேண்டும். இலையுதிர் காலம் முழுக்க அழுதாள். குளிர்காலத்தில் ஒருநாள் அவள் வகுப்பைக் கதவிடுக்கில் பார்த்தேன். கையை இடுப்பில் வைத்துத் திரும்பினாள். அறையில் வேறு யாருமே இல்லாதது போலிருந்தது.

பட்டமளிப்பு நிகழ்ச்சிக்கு ரூசே நகர அரங்கின் இயக்குநர் ஒரு கதாநாயகியைத் தேடி வந்தார். ஸ்பானிய ஆட்டம் முடிந்ததும், "அந்த உயரமான பொண்ணு யாரு?" என்றுதான் கேட்டார். அவளை எடுத்துக்கொண்டார். ஒரு கோமாளியும் வேண்டியிருந்ததால் என்னையும்.

ரூசேயில் இருபத்து மூன்று வருடம் மாற்றாந்தாயாக, சூனியக்காரியாக, ராணியாக ஆடினாள். என்னைவிடக் குள்ளமான சவ்தாரைக் கட்டிக்கொண்டாள். இசைக்குழுவில் பெரிய பிடில் வாசிப்பவன். ஒருமுறை ஒப்பனை அறையில் கேட்டேன்.

"அன்னமா ஆடலையேன்னு இருக்கா?"

"மூணு வருஷம் இருந்துச்சு. அந்த நாடகம் போடற அன்னிக்கெல்லாம் வயித்து வலி வரும். அப்புறம் வரல."

அவளுடைய கடைசி நிகழ்ச்சி ஒரு ஞாயிறு மதியம். அரங்கு நிறையப் பள்ளிப் பிள்ளைகள். மாற்றாந்தாய் வந்ததும் அத்தனை பேரும் ஊளையிட்டார்கள்; இசைக்குழு காத்திருக்க வேண்டியதாயிற்று. அவள் முகவாயை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, நிதானமாக, ஒவ்வொரு வரிசையாக முறைத்தாள்.

திரை விழுந்தது. வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள்.

"சவ்தார் மீன் வறுக்கறான். பசி கொல்லுது. வர்றியாடா?"

போனேன்.