நூறு வருடம் பிந்திய முள்

ஒருவர் ஆசை ஆசையாகக் கண்டுபிடித்த பொருளை, அவருடைய பூட்டன் காலத்திலேயே இன்னொருவர் கண்டுபிடித்துப் பதிந்துவிட்டார் என்று சொல்வதுதான் என் தொழில். மொன்றியலில் ஒரு காப்புரிமை அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் தேடுகிறேன். அடுத்தவர் ஆசையில் மண் அள்ளிப்போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

தானே ஆடும் தொட்டில்

பக்கத்து ஊரான புரோசார்ட்டிலிருந்து ஒரு பெண், கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி, தானே ஆடும் தொட்டிலின் வரைபடத்தோடு வந்தார். போன நூற்றாண்டு பிறந்த காலத்திலேயே சாவி கொடுத்தால் ஆடும் தொட்டில்களைப் பலர் பதிந்திருந்தார்கள். நான் எடுத்துக் காட்டியவை எல்லாம் ஆண்கள் பதிந்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு பேர் செய்தும், இண்டைக்கும் நான்தானே அண்ணா ஆட்டுறன்."

பார்க்கக் கூடாத படம்

குணம் அண்ணை துறைமுகத்தில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறவர். போன மாரிக் குளிரில் தெரு ஐஸில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். படம் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் இருந்தது. நல்ல கை அதன் மேலேயே இருந்தது. பொருள் என்னவென்று தெரியாமல் எப்படித் தேடுவது என்று கேட்டேன்.

"நீர் முதல் தேடும் தம்பி. இல்லையெண்டால் பேந்து காட்டுறன்."

செவ்வாய்க்கிழமை

மூன்றாம் முறை வந்தபோதுதான் படம் பைக்கு வெளியே வந்தது. ஐஸில் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக் குதியில் பூட்டும் இரும்பு முள். வெளியே போகும்போது கீழே இறக்கலாம், வீட்டுக்குள் வரும்போது மேலே மடிக்கலாம். எனக்கே ஒன்று வேண்டும் போலிருந்தது. அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அண்ணையின் மகள் பேச்சை மாற்றிவிடுகிறாளாம். அரசாங்கத் தாளில் தன் பெயர் வந்தால் மாற்றமாட்டாள் என்றார். அன்று செவ்வாய், விண்ணப்பத்தைப் புதன் காலை நல்ல நேரத்தில்தான் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

புதன் காலை நேரம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் நான் தேடி முடித்திருந்தேன். அதே முள், அதே மடிப்பு. பதிந்தவரும் மொன்றியல்காரர், நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மகளின் கதையைக் கேட்ட பிறகு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணை சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"அவன் என்ன நேரம் பார்த்துக் குடுத்தவன்?"

இரண்டு படங்கள்

பழைய உரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் செய்து விற்கலாம், பெயர் மட்டும் கிடைக்காது என்றேன். அவருக்கு வேண்டியது அந்தப் பெயர் மட்டும்தான். பழைய படத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மகளோடு வந்தார். எனக்கென்று ஒரு சோடி முள் செய்து கொண்டுவந்திருந்தார். மகள் இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, அந்தாளுக்கு அப்பவே உங்கட மூளை இருந்திருக்கு."

இதில் புதிதாக எதுவும் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட முள்ளைப் பூட்டிக்கொண்டுதான், இந்த மாரி முழுக்க விழாமல் வேலைக்கு வந்து மற்றவர்களின் ஆசைகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.